கணினி முன் வேலை பார்ப்பவர்களுக்கு வரும் கழுத்துவலி, மணிக்கட்டுவலியை அலுவலகப் பயிற்சியால் தடுக்க முடியுமா?

ஓரளவு உதவலாம். ஆனால் எல்லோரையும் ஓர் அறையில் உட்கார வைத்துப் படம் காட்டினால் போதாது. அவரவர் மேசைக்கே போய்ச் சொல்லித்தர வேண்டும்.

உங்கள் மணிக்கட்டைத் திருப்பிப் பாருங்கள். மேசை விளிம்பு பதிந்த தடம் தெரிகிறதா? அந்த இடத்தில்தான் ஒரு குறுகிய பாதை வழியாக நரம்பும் தசைநாண்களும் நெருக்கியடித்துக்கொண்டு விரல்களுக்குப் போகின்றன. மணிக்கட்டு மடங்கியே இருந்தால் அங்கே அழுத்தம் கூடும், விரல்கள் மரத்துப்போகும். முழங்கை சுமார் 90 டிகிரியிலும் மணிக்கட்டு நேராகவும் வரும்படி நாற்காலியை ஏற்றுங்கள். கால் எட்டவில்லையா, ஒரு பலகை வையுங்கள்.

மடிக்கணினியில் திரையை உயர்த்தினால் கை தூக்கும், தாழ்த்தினால் கழுத்து குனியும். தனி விசைப்பலகை தராமல் பயிற்சி மட்டும் தருவது ஊழியருக்குச் செய்யும் அநியாயம் என்றே சொல்வேன்.

எவ்வளவு சரியாக உட்கார்ந்தாலும் அரைமணிக்கொரு தடவை எழுந்து நடங்கள். இரவிலும் விரல் மரத்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.