பிடி-109 மாதிரிக்குக் குழாயா, சட்டமா?

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை ஓட்டிய டார்பிடோ படகான பிடி-109-இன் மாதிரியைக் கட்டுகிறீர்கள். பெட்டியில் டார்பிடோ (நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் குண்டு) ஏவும் குழாய்களும், அதைத் தாங்கும் திறந்த சட்டங்களும் இருக்கின்றன, எதை ஒட்டுவது என்று கேட்டிருந்தீர்கள். குழாய்கள்தான், நான்கும். 1943 ஆகஸ்ட் 2 அதிகாலை சாலமன் தீவுகளில் ஜப்பானிய நாசகாரிப் போர்க்கப்பல் அமாகிரி மோதிப் பிளந்தபோது அந்தப் படகில் இருந்தவை அவையே.

அந்தக் குழாய்கள் பெரிய தொல்லை. கருமருந்து வெடித்துத்தான் மார்க் 8 டார்பிடோ வெளியே பாயும். உள்ளே பூசிய கிரீஸ் தீப்பிடித்தால் பளிச்சென்று வெளிச்சம். இருட்டில் பதுங்கி வந்த படகை எதிரிக்கு அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் பிற்பாடு விமானங்களுக்கான மார்க் 13 டார்பிடோவைச் சட்டத்திலிருந்து பக்கவாட்டில் கடலுக்குள் உருட்டிவிட்டார்கள். எடையும் நன்றாகக் குறைந்தது.

அப்புறம், முன்தளத்தில் 37 மி.மீ. டாங்கி எதிர்ப்பு பீரங்கியை மறக்காதீர்கள். கடைசிப் பயணத்துக்காக உயிர்காப்பு மிதவையை எடுத்துவிட்டு அதைக் கட்டியிருந்தார்கள். ஆகவே மிதவை வேண்டாம்.