வென்டிலேட்டரில் இருப்பவரின் மூச்சைக் கண்ணால் கவனிப்பது: கேள்வி பதில்

மயக்கவியல் மருத்துவராக ஐசியுவில் வேலை பார்க்கிறேன். செயற்கை சுவாசத்தில் இருப்பவரை எப்படிக் கவனிப்பது என்று நர்சிங் மாணவர்கள், ஆம்புலன்ஸ் ஊழியர்கள், வீட்டில் பைபாப் (மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளும் மெஷின்) வைத்திருப்பவர்கள் எனப் பலரும் கேட்டிருக்கிறீர்கள். முடிந்தவரை எழுதுகிறேன். மெஷினில் எந்த எண்ணை எவ்வளவு வைப்பது என்று மட்டும் கேட்காதீர்கள். நோயாளியை நேரில் பார்க்காமல் அதைச் சொல்வது ஆபத்து.

கேள்வி (நர்சிங் மூன்றாம் ஆண்டு மாணவி): அம்பு பேக் (கையால் அழுத்திக் காற்று கொடுக்கும் பை) அழுத்தும்போது போதுமான காற்று போகிறதா என்று எப்படித் தெரியும்? சீனியர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள் டாக்டர்.

பதில்: முதலில் போர்வையை விலக்குங்கள். நெஞ்சு தெரியாமல் பேக்கைத் தொடக்கூடாது.

நெஞ்சு எழுவதுதான் அளவு. பெரியவர்களுக்கான பையில் சுமார் ஒன்றரை லிட்டர் காற்று இருக்கும். ஒரு மூச்சுக்குத் தேவை 500, 600 மில்லிதான். பையை முழுக்கப் பிழிய வேண்டியதே இல்லை. ஒரு கையால், ஒரு விநாடி எடுத்து, சீராக அழுத்துங்கள். உங்கள் பார்வை காறை எலும்புக்குக் கீழே, மேல் நெஞ்சில் இருக்கட்டும். அந்த இடம் எழுவது கண்ணுக்குத் தெரிந்ததும் கையைத் தளர்த்துங்கள். அப்புறம் நெஞ்சு முழுதாக இறங்குகிறதா என்று பாருங்கள். இந்த இரண்டாவது பாதியைத்தான் நிறையப் பேர் பார்ப்பதில்லை. இறங்கி முடிவதற்குள் அடுத்த மூச்சைத் திணித்தால் காற்று உள்ளேயே தங்கிச் சேரும். ஆஸ்துமா, சிஓபிடி (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு) நோயாளிக்கு இதனாலேயே பிரஷர் விழுந்துவிடும்.

பெரியவர்களுக்கு 6 விநாடிக்கு ஒன்று, அதாவது நிமிடத்துக்கு 10. பதற்றத்தில் கை இந்த வேகத்தில் நிற்காது. அமெரிக்காவின் மில்வாக்கியில், இதயம் நின்றவர்களுக்குச் சிகிச்சை தந்த பயிற்சி பெற்ற குழுக்களைக் கவனித்து 2004இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களே சராசரியாக நிமிடத்துக்கு 30 முறை அளவில் கொடுத்திருந்தார்கள். அப்படிக் கொடுத்தால் நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி, இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைகிறது. காற்று இரைப்பைக்கும் போகிறது. வாந்தி வந்து நுரையீரலுக்குள் இறங்குகிறது.

நெஞ்சு எழாமல் வயிறு உப்பினால் இன்னும் பலமாக அழுத்துவது தப்பு. தலையைச் சாய்த்து, தாடையைத் தூக்கி, மாஸ்க் ஓரத்தில் காற்று கசிகிறதா பாருங்கள். வாயில் சளியோ வாந்தியோ இருந்தால் உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன். ஒருவர் இரண்டு கையாலும் மாஸ்க்கைப் பிடிக்க, இன்னொருவர் பேக்கை அழுத்துவது எப்போதும் நல்லது.

கேள்வி (ஆம்புலன்ஸ் டெக்னீஷியன்): ஓடும் வண்டியில் எல்லாமே ஆடுகிறது சார். நெஞ்சு எழுகிறதா, குலுங்குகிறதா என்றே தெரியவில்லை.

பதில்: உண்மைதான் தம்பி, ஓடும் வண்டியில் கண்ணை மட்டும் நம்ப முடியாது. கூட ஆள் இருந்தால் ஒரு உள்ளங்கையை மேல் நெஞ்சில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒன்று முதல் ஆறு வரை வாய்விட்டு எண்ணுங்கள். மூச்சுக்குழாயில் டியூப் போட்டிருந்து, வண்டியில் கேப்னோகிராபி (வெளிமூச்சின் கரியமில வாயுவை அளக்கும் கருவி) இருந்தால் அதுதான் முதல் சாட்சி: ஒவ்வொரு மூச்சுக்கும் கரியமில வாயு அலை எழ வேண்டும். பேக் திடீரென இறுகினாலோ எதிர்ப்பே இல்லாமல் லேசானாலோ வண்டியை ஓரங்கட்டிப் பாருங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு சிஓபிடி. வீட்டில் பைபாப்பும் ஆக்சிஜனும் ஓடுகின்றன. ஆக்சிமீட்டரில் 96 காட்டுகிறது. இரவு நிம்மதியாகத் தூங்கலாமா?

பதில்: 96 என்பது ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்று மட்டும் சொல்லும். கரியமில வாயு வெளியே போகிறதா என்று அது சொல்லாது. சிஓபிடியில் ஆபத்து இரண்டாவதில்தான். இவர்களில் பலருக்கு 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்றுதான் வைப்போம். அப்பாவுக்கு எவ்வளவு என்று அவருடைய டாக்டரிடம் நாளைக்கே கேளுங்கள்.

இரவு நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு. கழுத்துத் தசை ஒவ்வொரு மூச்சுக்கும் கயிறு போல விடைக்கிறதா? தொண்டைக்குழி உள்ளே இழுக்கிறதா? மூச்சு இழுக்கும்போது நெஞ்சும் வயிறும் சேர்ந்து எழ வேண்டும். நெஞ்சு எழும்போது வயிறு உள்ளே போனால் உதரவிதானம் களைத்துவிட்டது என்று அர்த்தம். காலையில் தலைவலி, பேச்சில் குழப்பம், எழுப்பினால் எழுந்திருக்காத தூக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். எண் 96 ஆகவே இருந்தாலும் கிளம்புங்கள்.

மாஸ்க்கில் காற்று வெளியேறும் சின்னத் துளைகளைப் பிளாஸ்திரி போட்டு அடைக்க வேண்டாம். வெளிவிடும் மூச்சு போகும் வழி அது.

கேள்வி: அம்மா ஐசியுவில் இருக்கிறார். இன்று பார்க்கப் போனபோது ஒரு பக்க நெஞ்சுதான் ஏறி இறங்கியது. இது சாதாரணமா?

பதில்: சாதாரணம் இல்லை. இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு வார்டு நர்ஸிடம் உடனே சொல்லுங்கள். டியூப் ஆழமாக இறங்கி வலது பக்கக் குழாய்க்குள் போயிருக்கலாம். வலப்பக்கக் குழாய் அகலமாகவும் நேராகவும் இருப்பதால் டியூப் அங்கேதான் நழுவும். சளி அடைத்திருக்கலாம். நுரையீரல் கிழிந்து வெளியே காற்று சேர்ந்திருக்கலாம். பழைய காசநோயால் ஒரு பக்க நுரையீரல் சுருங்கியவராகவும் இருக்கலாம். எது என்று அவர்கள் பார்த்துச் சொல்லட்டும்.

கேள்வி (ஐசியு ஸ்டாஃப் நர்ஸ்): ஸ்கிரீனில் சுவாச எண்ணிக்கை 18. நான் நெஞ்சைப் பார்த்து எண்ணினால் 26. ஸ்கிரீனில் இருப்பதை எழுதினால் போதும் என்கிறார் இன்சார்ஜ் சிஸ்டர். யார் சரி?

பதில்: இரண்டையும் எழுதுங்கள் சிஸ்டர். 26 என்று எண்ணினீர்களே, அந்த நோயாளிக்கு இன்று நடந்த நல்ல காரியம் அதுதான்.

ஸ்கிரீன் காட்டுவது மெஷின் கொடுத்த மூச்சை. நெஞ்சு காட்டுவது நோயாளி கேட்ட மூச்சை. நிமிடத்துக்கு எட்டு முறை அவர் இழுத்துப் பார்த்தும் மெஷினுக்கு அது எட்டவில்லை. சிஓபிடியில் இது அடிக்கடி நடக்கும்: உள்ளே தங்கிய காற்றின் அழுத்தத்தைத் தாண்டி இழுத்தால்தான் மெஷின் உணரும், அந்தத் தெம்பு அவரிடம் இருக்காது. ஸ்கிரீனில் காற்றின் வேகத்தைக் காட்டும் வெளிமூச்சு அலையில், கோடு பூஜ்யத்துக்குத் திரும்பும் வழியில், நடுவே ஒரு சின்ன மேடு தெரியும். அந்த நொடியில் நெஞ்சைப் பாருங்கள். விலா இடுக்கு லேசாக உள்ளே குழியும், காற்று வராது.

இதற்கு நேரெதிரும் உண்டு. மெஷின் 28 காட்டும், நோயாளி அசையாமல் கிடப்பார். மெஷினையும் நோயாளியையும் இணைக்கும் சர்க்யூட் குழாயின் பள்ளத்தில் தேங்கிய நீர் தளும்பினால்கூட மெஷின் அதை மூச்சென்று எடுத்துக்கொண்டு காற்றைத் தள்ளும். நீரை வடித்துவிட்டால் எண்ணிக்கை இறங்கிவிடும்.

மறுப்பு (மருத்துவக் கருவிப் பொறியாளர்): டாக்டர், மன்னிக்கவும். கண் ஆளுக்கு ஆள் மாறும். இரண்டு பேர் எண்ணினால் இரண்டு கணக்கு வரும். காற்றோட்டத்தை அளக்கும் ஃப்ளோ சென்சார் அப்படி இல்லை. அந்த 8 முயற்சியும் அலையில் பதிவாகித்தானே இருக்கிறது? நர்ஸுக்கு அலையைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். கண்ணைப் போற்றுவது பழைய காலம்.

பதில்: அலையைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதில் முழுதாக ஒத்துப்போகிறேன். பழைய காலத்தைப் பற்றிச் சொன்னதால் அதையே எடுத்துக்கொள்வோம். 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, பிளெக்டாம் மருத்துவமனையில் மெஷினில் வைத்த முதல் 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன் 12 வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தொண்டையில் துளையிடச் செய்து, டியூப் வைத்து, ரப்பர் பையால் காற்று கொடுத்துக் காட்டினார். அதன் பிறகு ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறை வைத்து, இரவும் பகலும் கையால் பை அழுத்தினார்கள். அவர்களிடம் அலையும் இல்லை, அலாரமும் இல்லை. நெஞ்சையும் முகத்தையும் பார்த்தே பல உயிர்களைக் காப்பாற்றினார்கள்.

பொறியாளர்: அதே கதை என் பக்கமும் பேசும் டாக்டர். ஆக்சிஜன் கொடுத்ததால் நோயாளிகள் நீலம் பாரிக்காமல் நன்றாகவே தெரிந்தார்கள். கண்ணுக்கு நன்றாகத் தெரிந்துகொண்டே செத்தார்கள். கரியமில வாயு தேங்குகிறது என்று கண்டுபிடிக்க அளவீடு வேண்டியிருந்தது.

பதில்: சரியான வாதம். அங்கே ரத்தத்தில் பைகார்பனேட் என்ற காரப் பொருள் கூடியிருந்தது. அதை வேறு கோளாறு என்று நினைத்தார்கள். கரியமில வாயு தேங்கியதன் விளைவு அது என்று சொன்னவர் இப்சன். ஆகவே அளவீடு வேண்டும், கேப்னோகிராபி வேண்டும். இதில் நமக்குள் சண்டை இல்லை. என் சண்டை ஒன்றே ஒன்று: அளவீடு வந்ததும் கட்டிலருகே போவது நின்றுவிடக் கூடாது. வியர்த்த நெற்றி, விடைத்த மூக்கு, பயந்த கண், இவற்றை எந்த சென்சாரும் அலாரம் அடித்துச் சொல்வதில்லை.

அதே ஸ்டாஃப் நர்ஸ்: நீங்கள் இருவரும் பேசுவது சரி. எங்கள் நைட் டியூட்டியில் ஒருவருக்கு நான்கு வென்டிலேட்டர். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு நிமிடம் நின்று எண்ண யாருக்கு நேரம்?

பதில்: ஆள் பற்றாக்குறை உங்கள் குற்றம் இல்லை. நிர்வாகம் தீர்க்க வேண்டியது அது, எழுத்தில் கொடுங்கள். அதுவரை: சக்‌ஷன் செய்யும்போதும், புரட்டிப் படுக்க வைத்த பிறகும், மெஷின் செட்டிங் மாறிய பிறகும் கட்டாயம் நெஞ்சைப் பாருங்கள். டியூப் நழுவுவதற்கு வாய்ப்பு அதிகமான நேரங்களில் புரட்டும் நேரமும் ஒன்று. உதட்டோரத்தில் டியூபின் ஆழத்தைக் காட்டும் சென்டிமீட்டர் எண்ணையும் அப்போதே பாருங்கள்.

கேள்வி: ஆக்சிமீட்டரில் 98 இருந்தால் போதும்தானே?

பதில்: மேலே சிஓபிடி அப்பாவுக்கு எழுதியதைப் படியுங்கள்.

கேள்வி: விரலில் 97 வருகிறது, மூச்சு வாங்குகிறது. எண்ணை நம்பவா?

பதில்: மறுபடியும் அதே கேள்வி. மூச்சு வாங்குவதை நம்புங்கள். ஆக்சிஜன் நிறைய கொடுத்திருந்தால் மூச்சு நின்ற பிறகும் சில நிமிடம் எண் இறங்காது. கறுத்த தோலில் ஆக்சிமீட்டர் சிலருக்குக் கூட்டிக் காட்டுகிறது என்று 2020இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. நம் ஊருக்கு இது முக்கியம். இனி ஆக்சிமீட்டர் கேள்விகளுக்குப் பதில் எழுத மாட்டேன்.

கேள்வி: எந்த கம்பெனி பைபாப் வாங்கலாம்?

பதில்: உங்கள் நுரையீரல் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: பிராணாயாமம் செய்தால் வென்டிலேட்டர் தேவைப்படாதா?

பதில்: என் துறை இல்லை.

கேள்வி (ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ்): பிறந்ததும் அழாத குழந்தைக்கு பேக் கொடுக்கும்போது எதைப் பார்ப்பது?

பதில்: நல்ல கேள்வி. முதல் ஒரு நிமிடத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். நிமிடத்துக்கு 40 முதல் 60. இதயத் துடிப்பு ஏறுவதுதான் முதல் அடையாளம். துடிப்பு ஏறவில்லை என்றால் நெஞ்சு எழுகிறதா பாருங்கள்; எழவில்லை என்றால் மாஸ்க்கையும் தலையின் நிலையையும் சரிசெய்யுங்கள். 3 கிலோ குழந்தைக்கு ஒரு மூச்சுக்கு 12 முதல் 18 மில்லி போதும். குழந்தைகளுக்கான சின்னப் பையிலேயே 200 மில்லிக்கு மேல் இருக்கும். இரண்டு மூன்று விரலால் அழுத்துங்கள். பெரிய மூச்சு விடுவதுபோல நெஞ்சு உயர்ந்தால் அளவு மீறிவிட்டது. அந்த நுரையீரல் தாங்காது.

கேள்வி: அம்மாவுக்குக் குளிர்கிறது, கழுத்து வரை போர்த்துகிறோம். நெஞ்சைத் திறந்து வைக்கச் சொன்னால் அவர் கூச்சப்படுகிறார்.

பதில்: கூச்சத்தை மதிக்க வேண்டும். வயிறு, கால் வரை கம்பளி. நெஞ்சுக்கு மேல் மெல்லிய பருத்தித் துண்டு ஒன்று போதும், அதன் மேலேயே அசைவு தெரியும். மாஸ்க்கோ டியூபோ இருக்கும் எவரையும் கனமான போர்வையால் கழுத்து வரை மூடாதீர்கள்.

கேள்வி: தம்பிக்குத் தசைநோய். தொண்டைத் துளை வழியாக வீட்டில் வென்டிலேட்டர் ஓடுகிறது. கரண்ட் போய் பேட்டரியும் தீர்ந்தால்?

பதில்: அம்பு பேக் கட்டிலின் தலைமாட்டில் தொங்க வேண்டும், பீரோவுக்குள் இருக்கக் கூடாது. வீட்டில் குறைந்தது இரண்டு பேர் ஆஸ்பத்திரியில் செய்து பார்த்துப் பழகியிருக்க வேண்டும். மெஷினைக் கழற்றி, பேக்கை டியூபில் மாட்டி, நெஞ்சு எழும் அளவுக்கு அழுத்துங்கள், முழுதாக இறங்க விடுங்கள். தம்பி விழித்திருப்பார் என்பதால் வேகம் போதுமா என்று அவரிடமே கேளுங்கள். கண் சிமிட்டிப் பதில் சொல்லப் பழக்கிவைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு எழவில்லை என்றால் முதலில் சளிக்கு சக்‌ஷன். மின்சாரம் இல்லாமல் காலால் மிதித்து இயக்கும் சக்‌ஷன் கிடைக்கிறது, ஒன்று வாங்கி வையுங்கள். சக்‌ஷன் செய்தும் எழவில்லை என்றால் டியூபே அடைத்திருக்கலாம். மாற்று டியூபும் பேக் பக்கத்திலேயே இருக்கட்டும், அதை மாற்றவும் ஆஸ்பத்திரியிலேயே பழகிக்கொள்ளுங்கள். ஒருவர் அழுத்தும்போதே இன்னொருவர் 108ஐ அழைக்க வேண்டும்.