ஒத்திகை நாளில் தெரியாத படகைக் கண்டால் சொல்லணுமா?

சொல்லியே ஆகணும். சாகர் கவச்ங்கிறது கடல்வழியா தீவிரவாதிங்க ஊடுருவினா கண்டுபிடிக்க முடியுதான்னு பார்க்கிற பாதுகாப்பு ஒத்திகை. தெரியாத படகைப் பார்த்தும், "சாகர் கவச் நடக்குது, போலீஸ்காரங்கதான் தீவிரவாதி வேஷத்துல வருவாங்க, எதுக்குப் போன்"னு உங்க மாமா விட்டுட்டார்னு எழுதியிருக்கீங்க. கரையிலிருந்து அந்தப் போன் வருதான்னு பார்க்கிறதும் இந்த ஒத்திகையோட வேலைதான்.

டம்மி வெடிகுண்டோட வந்தவங்க பிடிபட்டாங்கன்னு மட்டும் செய்தி வருது. அதைப் படிச்சே அவர் அப்படி நினைச்சிருக்கலாம். ஆனா 2008 நவம்பர் 26-ல மும்பையைத் தாக்க வந்த 10 தீவிரவாதிகளும் ‘குபேர்’ங்கிற மீன்பிடிப் படகைக் கடத்தித்தான் வந்தாங்க. கடைசியா ரப்பர் படகுல பத்வார் பார்க் மீனவர் குடியிருப்புப் பக்கம் இறங்கினப்போ, முதல்ல பார்த்தது அங்கிருந்த மீனவங்கதான். இந்த ஒத்திகையெல்லாம் அதுக்கப்புறம் வந்தது.

மாமா போன்ல 1093 (தமிழ்நாடு போலீஸோட கடலோரப் பாதுகாப்புக் குழுமம்), 1554 (கடலோரக் காவல்படை) ரெண்டும் இருக்கான்னு இன்னைக்கே பாருங்க. கூப்பிட்டா படகோட பதிவு எண், நிறம், எத்தனை பேர், எந்தத் திசைன்னு சொன்னாப் போதும். ஆழ்கடல்ல செல்போன் எடுக்காது. அங்க படகுல இருக்கிற விஎச்எஃப் ரேடியோவுல (வயர்லெஸ்) 16-வது சேனல்ல சொல்லணும்.

ஒண்ணு மட்டும்: பக்கத்துல போய் விசாரிக்கவோ துரத்தவோ வேண்டாம். வந்திருக்கிறது ஒத்திகைக்காரங்களா நிஜமான ஆளுங்களான்னு தூரத்துலேர்ந்து யாராலயும் சொல்ல முடியாது.