காதலே இல்லாத கல்யாணத்தைப் பற்றிய நாவல்கள் ஏன் இவ்வளவு மெதுவாக நகர்கின்றன?

பாதிப் புத்தகம் தாண்டியும் ஒன்றுமே நடக்கவில்லையே என்று கேட்கிறீர்கள். நடக்கிறது, சண்டையாகவோ அழுகையாகவோ இல்லை, அவ்வளவுதான். வசதிக்காகச் செய்துகொண்ட கல்யாணம் ஒரே நாளில் உடைவதில்லை, உள்ளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக உளுத்துப்போகிறது. அதை வேகமாக எழுதினால் நம்பவே முடியாது.

அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி ஜேம்ஸின் 'தி போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி' (1881) நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். கதாநாயகி இசபெல்லுக்கு 70,000 பவுண்டு சொத்து வருகிறது, ஆஸ்மண்டுக்கு அந்தப் பணம் தேவை, அவளோ அவன் ரசனையில் மயங்கிக் கட்டிக்கொள்கிறாள். கல்யாணத்தை ஜேம்ஸ் காட்டுவதே இல்லை, சில வருடங்களைத் தாண்டிக் குதித்துவிடுகிறார் (எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது). அப்புறம் ஒரு நாள் அவள் அறைக்குள் வரும்போது கணவன் உட்கார்ந்திருக்கிறான், மேடம் மெர்ல் என்ற தோழி அவனெதிரே நின்றுகொண்டிருக்கிறாள். பெண் நிற்கும்போது ஆண் உட்காருவது மரியாதைக் குறைவு என்றிருந்த காலத்தில், அந்த இருவருக்கும் இடையே எவ்வளவு பழக்கம் இருக்க வேண்டும்! இசபெல் மனதில் அது முள்ளாகத் தைத்துவிடுகிறது.

42ஆம் அத்தியாயத்தில் கணப்பு அணைந்த பிறகும் நள்ளிரவு தாண்டி உட்கார்ந்து யோசிக்கிறாள், வேறெதுவும் இல்லை. புத்தகத்திலேயே சிறந்த பகுதி அதுதான் என்று பின்னாளில் முன்னுரையில் ஜேம்ஸே எழுதினார். கையில் இருக்கும் நாவலை மூடுவதற்கு முன், யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள்.