எனக்கு வந்த பிபி, குழந்தையின் நுரையீரலைப் பாதிக்குமா?

கேள்வி: 30வது வாரத்தில் பிபி எகிறி, அவசரமாக சிசேரியன் செய்தார்கள். 1.2 கிலோ எடையில் பிறந்த மகன் 19 நாள் சிபாப்பிலும் (மூக்கு வழியே காற்றழுத்தம் கொடுத்து மூச்சுக்கு உதவும் கருவி) ஆக்சிஜனிலும் இருந்தான். இப்போது நான்கு மாதம். ‘உன் பிபியால்தான் பிள்ளைக்கு நெஞ்சு பலமில்லாமல் போச்சு’ என்கிறார்கள் வீட்டில். உண்மையா? பின்னால் வீசிங் வருமா? எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் அந்தப் பழியை மனதிலிருந்து இறக்கி வையுங்கள். கர்ப்ப காலத்தில் பிபி எகிறும் ப்ரீஎக்ளாம்ப்சியா எனும் இந்த நோய், நீங்கள் உப்பு கூடுதலாகச் சாப்பிட்டதாலோ கவலைப்பட்டதாலோ வந்ததல்ல. பெரும்பாலும் நஞ்சுக்கொடி கருப்பையில் சரியாகப் பதியாததில் தொடங்குவது. அப்படிப்பட்ட நஞ்சுக்கொடி, புது ரத்தக்குழாய்கள் வளர்வதைத் தடுக்கும் ஒரு புரதத்தை அளவுக்கு மீறித் தாயின் ரத்தத்தில் கலக்கிறது. பிபி ஏறுவதிலும் சிறுநீரில் புரதம் போவதிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

குழந்தைக்கும் இதில் சம்பந்தம் உண்டு. நுரையீரலில் காற்றறைகளும் ரத்தக்குழாய்களும் ஒன்றையொன்று சார்ந்துதான் வளர்கின்றன. குழாய் வளர்ச்சி தடைபட்டால் காற்றறைகளும் குறைவாக உருவாகலாம். வயிற்றிலேயே எடை ஏறாமல் போன குழந்தைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். ஆக, தொடர்பு இருக்கிறது. தவறு யாருடையதும் இல்லை.

ஆனாலும் உங்கள் மகன் பிறந்தவுடன் மூச்சுக்குத் திணறியதற்கு முதல் காரணம், 30 வாரத்திலேயே பிறந்ததுதான். காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருள், பொதுவாக 34, 35 வார வாக்கில்தான் போதுமான அளவு சுரக்கும். அதை முன்கூட்டியே தூண்டத்தான் பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுகிறோம். நியூசிலாந்தின் லிக்கின்ஸ், ஹோவி என்ற இரு மருத்துவர்கள் 1972இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த பழக்கம் இது. உங்கள் பிரசவ ஃபைலில் இந்த ஊசியின் பெயராக டெக்ஸாமெத்தசோன் அல்லது பீட்டாமெத்தசோன் என்று எழுதியிருக்கிறதா, எத்தனை டோஸ் போட்டார்கள் என்று பாருங்கள்.

அந்த ஃபைலின் நகலை ஒவ்வொரு முறையும் குழந்தை டாக்டரிடம் கொண்டுபோங்கள். பிள்ளையின் டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் கையில் இருந்தால் பாதிக் கதைதான் தெரியும். தாய்க்கு இருந்த சிக்கலைப் பொறுத்து நுரையீரலின் பாதையே மாறும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாத தாயின் குழந்தைக்கு இன்சுலின் அதிகமாகச் சுரந்து, சர்ஃபாக்டன்ட் உருவாவதைத் தாமதப்படுத்தும். பனிக்குடம் முன்பே உடைந்து கிருமி தொற்றியிருந்தால் வேறு கதை: அந்த அழற்சியால் நுரையீரல் சீக்கிரம் முதிர்ந்து, முதல் நாட்களில் குழந்தை நன்றாகவே மூச்சு விடலாம், பிறகு அதே அழற்சி காற்றறை வளர்ச்சியைக் கெடுக்கலாம்.

சம்மரியில் ‘பிபிடி’ என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். 28 நாளுக்கு மேலும், குறிப்பாகக் கர்ப்ப வாரக் கணக்கில் 36 வாரம் ஆன பிறகும் ஆக்சிஜன் தேவைப்பட்டால், குறைமாதக் குழந்தையின் அந்த நீடித்த நுரையீரல் பாதிப்புக்கு எழுதும் பெயர் அது. உங்கள் மகனுக்கு 19 நாளில் ஆக்சிஜன் நின்று, பிறகு தேவைப்படவில்லை என்றால் அந்தக் கட்டம் வரவில்லை. நல்ல செய்தி இது. சளி பிடிக்கும்போது வீசிங் வரும் வாய்ப்பு, நிறைமாதக் குழந்தையைவிட முதல் சில வருடங்களில் கூடுதல்தான். ஆனால் புதுக் காற்றறைகள் பிறந்த பிறகும் சில ஆண்டுகள் உருவாகிக்கொண்டே இருக்கும். இப்போது நீங்கள் செய்வதற்கெல்லாம் பலன் உண்டு.

சளி பிடித்தால், அவன் தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இந்த வயதில் 50 அல்லது அதற்கு மேல் போனால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, மூக்கு விடைத்தாலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினாலோ, பால் குடிக்கவே முடியாமல் போனாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ காலை வரை காத்திருக்காதீர்கள்.

அப்புறம், குளித்ததும் சாம்பிராணி போடுவது. பாட்டிகள் பாசத்தோடு செய்வதுதான், ஆனாலும் இந்தப் பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம். கொசுவர்த்தி, ஊதுபத்தி, வீட்டுக்குள் பீடி சிகரெட் எதுவும் கூடாது. மூக்கில் எண்ணெய் விடுவது இன்னும் மோசம். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். இதை மட்டும் கறாராகச் சொல்லிவிடுங்கள், டாக்டர் சொன்னார் என்றே சொல்லுங்கள். குறைமாதம் என்று தடுப்பூசிகளைத் தள்ளிப்போடவும் வேண்டாம். பிறந்த தேதியை வைத்தே போட வேண்டும். ஆறு மாதம் முடிந்ததும் ஃப்ளூ ஊசி பற்றிக் கேளுங்கள். தாய்ப்பால் தொடரட்டும்.

அடுத்த குழந்தை பற்றி யோசிக்கும்போது, கர்ப்பம் உறுதியானவுடனே மகப்பேறு மருத்துவரிடம் முந்தைய பிபியைச் சொல்லிவிடுங்கள். குறைந்த அளவு ஆஸ்பிரினை 16 வாரத்துக்குள் தொடங்கினால் அது மீண்டும் வரும் வாய்ப்பு குறையும். உங்களுக்கு அது பொருந்துமா, எவ்வளவு என்பதை அவர் முடிவு செய்வார். கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.