அப்பாவுக்கு 68 வயது. தினமும் காலையில் அரை மணி நேரம் நடக்கிறார், மீதி நாள் முழுக்க டிவி முன்னால்தான். நடை மட்டும் போதுமா?

நடை தொடரட்டும். வாரம் ஐந்து நாள் சற்று வேகமாக நடந்தாலே 150 நிமிடம் ஆகிவிடும். உலக சுகாதார அமைப்பு 2020-இல் சொன்ன குறைந்தபட்ச அளவு அதுதான். ஆனால் உட்காரும் நேரத்தையும் குறைக்கச் சொல்லியிருக்கிறது.

சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பகுதியை இழுத்துக்கொள்வது தசைகள்தான். மணிக்கணக்காக உட்கார்ந்தால் அவை சும்மா கிடக்கின்றன. கெண்டைக்கால் தசை சுருங்கினால்தான் காலில் இருக்கும் ரத்தம் நன்றாக மேலே ஏறும். சாயங்காலம் பாதம் வீங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் விளம்பரம் வரும்போதெல்லாம் எழுந்து முற்றம் வரை போய் வரட்டும். சாப்பிட்டதும் பத்து நிமிடம் மெல்ல நடக்கலாம். அப்புறம், கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, பத்து முறை. தொடைக்கு பலம் வரும், தடுமாறி விழுவது குறையும். என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் தொடங்கச் சொல்வேன். சுவரைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் நிற்பதையும் வாரம் மூன்று நாளாவது செய்யட்டும்.

நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனிலும் அக்டோபரிலும் காலை நடை விட்டுப்போகும், ஒரு வாரம் விட்டால் திரும்பப் பிடிப்பது கஷ்டம். மழை நாளில் வராந்தாவிலேயே நடக்கச் சொல்லுங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.