டின்னுக்குள் விறகடுப்பு: வாசகர் கேள்வி பதில்

கையில் தூக்கிப் போகும் விறகடுப்பைக் காலி டின்களைக் கொண்டு வீட்டிலேயே செய்வது பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் ஊரில் மாம்பழக்கூழ் ஆலைகள் அதிகம். 3.1 கிலோ கூழ் டின் பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது. இதில் அடுப்பு செய்ய முடியுமா? அளவோடு சொல்லுங்கள். (கிருஷ்ணகிரி வாசகர்)

தாராளமாக. இதைவிடப் பொருத்தமான டின் கிடைப்பது கஷ்டம். அந்த டின் சுமார் 157 மி.மீ விட்டமும் 178 மி.மீ உயரமும் இருக்கும். இது வெளிக்கூடு. உள்ளே வைக்க 850 கிராம் அன்னாசித் துண்டு வரும் டின் ஒன்று வேண்டும். அதன் உயரம் 119 மி.மீ. விட்டம் விளிம்பில் 103, உடம்பில் 99. இந்த நான்கு மி.மீ வித்தியாசத்தில்தான் வேலை முழுக்க இருக்கிறது.

முதலில் சின்ன டின். மேல்மூடியை எடுக்கும்போது சுற்று விளிம்பு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுப்பில் டின் தொங்குவது அந்த விளிம்பில்தான். அடித்தட்டில் 4 மி.மீ ஓட்டை முப்பது, பரவலாகப் போடுங்கள். பிறகு மேல்விளிம்புக்கு 15 மி.மீ கீழே, சுற்றிலும் ஒரே வரிசையில் 6 மி.மீ ஓட்டை இருபது. இடைவெளியைக் கண்ணால் அளக்காதீர்கள். டின்னைச் சுற்றிக் காகிதப் பட்டை ஒட்டுங்கள். சுற்றளவு 311 மி.மீ வரும், பதினைந்தரை மி.மீக்கு ஒரு புள்ளி வைத்தால் சரியாக இருபது விழும். ஆணியால் குத்துவதாக இருந்தால் டின்னுக்குள் ஈரமணலைத் திணித்துக் கெட்டித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மூன்றாவது அடியிலேயே டின் நசுங்கி முட்டை வடிவத்துக்கு வந்துவிடும்.

அடுத்து பெரிய டின். அதன் ஒரு பக்க மூடி மட்டும் திறந்திருக்க வேண்டும். திறந்த வாய் தரையில் படும்படி கவிழ்த்து வையுங்கள். இப்போது மேலே தெரிவது அடித்தட்டு. அதன் நடுவில் சின்ன டின் போகும் அளவுக்கு ஓட்டை வேண்டும். பெரும்பாலானவர்கள் சின்ன டின்னை அதன் மேல் வைத்துக் கோடு போட்டு அப்படியே வெட்டிவிடுவார்கள். கோடு 103 மி.மீ விளிம்பைச் சுற்றி விழுந்திருப்பதால் டின் தொபுக்கென்று உள்ளே போய்விடும். 90 மி.மீ வட்டமாக வெட்டுங்கள். பிறகு அந்த வட்டத்தின் ஓரத்தில், விரலகலத்துக்கு ஒன்றாக, 5 மி.மீ ஆழத்துக்குக் கத்தரியால் கீறி, கிடைக்கும் சின்னச் சின்ன நாக்குகளை உள்பக்கம் மடக்குங்கள். வழி 100 மி.மீ ஆகும். சின்ன டின்னின் அடிவிளிம்பு நுழையும்போது கொஞ்சம் முரண்டு பிடிக்கும். மேலே மரக்கட்டை வைத்துத் தட்டினால் நாக்குகள் வளைந்து வழிவிட்டு, அடுத்த நொடியே உடம்பைக் கவ்விக்கொள்ளும். மேல்விளிம்பு அதற்கு மேல் போகாமல் உட்கார்ந்துவிடும். சின்ன டின்னின் அடி தரையிலிருந்து ஏறக்குறைய 6 செ.மீ உயரத்தில் தொங்கும். சாம்பல் விழவும் காற்று வரவும் அந்த இடம் போதும்.

கடைசியாக, பெரிய டின்னின் பக்கச்சுவரில், தரையிலிருந்து 2 செ.மீ உயரத்தில், 12 மி.மீ ஓட்டை பன்னிரண்டு. நான்கு செ.மீக்கு ஒன்று. பெரிய பிட் இல்லாதவர்கள் ஆணியால் குத்திப் பழைய திருப்புளியைச் செருகிச் சுழற்றி அகலப்படுத்தலாம்.

பாத்திரம் நேராக வாயில் உட்காரக் கூடாது. இன்னொரு 850 கிராம் டின்னிலிருந்து 5 செ.மீ உயர வளையம் வெட்டி, சுற்றிலும் பெரிய சன்னல்கள் விட்டு மேலே வையுங்கள். கைக்குத் தடித்த உறை கட்டாயம். தகரத்தை வெட்டிய ஓரம் பிளேடுக்குச் சமம். எல்லா ஓரத்தையும் அரத்தால் ஒருமுறை இழுத்துவிடுங்கள்.

டின்னின் உள்ளே வெள்ளீயப் பூச்சோ லாக்கர் பூச்சோ இருக்கும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். லாக்கர் கருகி நாற்றமடிக்கும். அதனால் முதல் தீயைத் திறந்த வெளியில், பாத்திரம் வைக்காமல், ஒரு முழு நிரப்பு விறகு எரித்து முடியுங்கள். அடுத்த தீயிலிருந்து சமைக்கலாம்.

கேள்வி: இதேபோல் ஒன்று செய்தேன். எரிகிறது, ஆனால் புகை தாங்கவில்லை. பாத்திரம் முழுக்கக் கரி. மேலும் ஓட்டைகள் போடலாமா? (திண்டுக்கல் வாசகி)

வேண்டாம்! ஓட்டை கூடினால் தீ கூடும் என்பது ஒரு எல்லை வரைதான்.

விறகு சூடானதும் நேராக எரிவதில்லை. முதலில் ஆவியாகப் புகையை விடுகிறது. அந்தப் புகையே எரிபொருள். அடித்தட்டு ஓட்டைகள் வழியாக வரும் கொஞ்சம் காற்று விறகைக் கனிய வைக்கிறது. இரண்டு டின்களுக்கு நடுவே ஏறும் காற்று சுவரின் சூட்டில் காய்ந்து, மேல்வரிசை ஓட்டைகளில் பீறிட்டு வந்து புகையை எரிக்கிறது. நன்றாக எரியும்போது மேலே குனிந்து பார்த்தால் ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் ஒரு சின்னச் சுடர் நடுவை நோக்கிப் பாய்வது தெரியும், கேஸ் பர்னர் மாதிரி. அமெரிக்காவைச் சேர்ந்த தாமஸ் ரீட் 1985 வாக்கில் இந்த முறையில் வேலை செய்யத் தொடங்கினார். இன்று கடையில் விற்கும் பல முகாம் அடுப்புகள் இதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன.

கணக்கைப் பாருங்கள். மேலே சொன்ன அளவில் அடித்தட்டு ஓட்டைகளின் மொத்தப் பரப்பு சுமார் 375 சதுர மி.மீ, மேல்வரிசை 565. இரண்டும் சேர்ந்து 940. வெளிக்கூட்டின் ஓட்டைகள் 1,350. உள்ளே போகும் வழி அதிகம், அடியில் குறைவு, மேலே அதற்கும் கூட: இந்த விகிதம் மாறினால்தான் தொல்லை. அடித்தட்டில் கூடுதலாகக் குத்தினால் விறகு ஒரேயடியாகப் புகையைக் கக்கும். அதை எரிக்க மேல்காற்று போதாது.

ஓட்டைகள் சரியாக இருந்தும் புகைந்தால் இந்த வரிசையில் பாருங்கள். விறகு மேல்வரிசை ஓட்டைகளை மூடியிருக்கிறதா? ஓட்டைக்கு ஒன்றரை செ.மீ கீழேயே நிரப்பு நிற்க வேண்டும். கீழே பற்றவைத்தீர்களா? இந்த அடுப்பில் மேலேதான் பற்றவைக்க வேண்டும். தீ மெல்ல மெல்லக் கீழே இறங்கும். நம் வழக்கத்துக்கு நேர் எதிர் என்பதால் கை தானாகவே கீழே தீக்குச்சியைக் கொண்டுபோகும். பாத்திரம் தாழ்வாக இருக்கிறதா? குளிர்ந்த பாத்திரத்தில் சுடர் மோதினால் எரிந்து முடிவதற்குள் அணைந்து கரியாகப் படியும். 4 முதல் 5 செ.மீ இடைவெளி விடுங்கள். இதெல்லாம் சரி என்றால் விறகில் ஈரம். சுள்ளியை ஒடித்தால் ‘படக்’ என்று முறிய வேண்டும், வளையக் கூடாது.

பாதி எரியும்போது விறகை மேலே குவிக்காதீர்கள், தீ திணறிவிடும். கூடுதலாக வேண்டுமென்றால் வளையத்தின் சன்னல் வழியாக ஒவ்வொரு சுள்ளியாகப் போடுங்கள்.

கேள்வி: ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க எவ்வளவு விறகு? (மதுரை வாசகர்)

28 டிகிரியிலிருந்து 100க்கு ஏற 72 கிலோகலோரி. காய்ந்த விறகு கிராமுக்கு ஏறக்குறைய 3.5 கிலோகலோரி தரும். வீணே போகாமல் இருந்தால் 21 கிராம் போதும். ஆனால் இந்த மாதிரி அடுப்பில் ஐந்தில் ஒரு பங்குச் சூடுதான் தண்ணீருக்குள் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக 100 கிராம். சின்ன டின் ஒரு நிரப்புக்கு 200 முதல் 250 கிராம் சுள்ளி பிடிக்கும். டீயும் போட்டு, நூடுல்ஸும் செய்து முடிக்கலாம். மூடி போட்டுக் கொதிக்க வையுங்கள். காற்றடித்தால் பாத்திரத்தைச் சுற்றி ஒரு செ.மீ இடைவெளி விட்டுத் தகரப் பட்டையால் மறைப்புக் கட்டுங்கள். ஒட்டிக் கட்டினால் புகை போக வழியிருக்காது.

கேள்வி: இருபது பேர் முகாமுக்கு 15 கிலோ எண்ணெய் டின்னில் ராக்கெட் அடுப்பு செய்ய நினைக்கிறோம். உள்ளே மணல் நிரப்பலாமா, களிமண்ணா? (தஞ்சாவூர் வாசகர்)

இரண்டும் கூடாது. தஞ்சாவூரில் இருந்துகொண்டு மணலைத் தேடுவானேன்? அரிசி ஆலையில் உமிச்சாம்பல் கேளுங்கள், அள்ளிக்கொள்ளச் சொல்வார்கள்.

ராக்கெட் அடுப்பின் அடிப்படை விதிகளை 1980களில் அமெரிக்காவின் ஓரிகனில் லாரி வினியார்ஸ்கி வகுத்தார். ‘ட’ எழுத்து மாதிரி வளைந்த குழாய், அதைச் சுற்றி இலேசான காப்புப் பொருள், அவ்வளவுதான். எரியும் அறை சீக்கிரம் சூடேறினால் புகை அங்கேயே எரியும். மணலும் களிமண்ணும் கனமானவை. சமையலுக்குப் போக வேண்டிய சூட்டை அவை குடித்துவிட்டு, நீங்கள் சாப்பிட்டு முடித்த பிறகு வெளியே விடும். உமிச்சாம்பலில் காற்றறைகள் நிறைய, எடை குறைவு. சுமார் 15 லிட்டர் தேவைப்படும். நன்கு காய்ந்திருக்கட்டும், ஈரச் சாம்பல் தகரத்தைத் தின்னும். அள்ளும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.

எண்ணெய் டின் 23 செ.மீ சதுரம், 35 செ.மீ உயரம். குழாய்க்கு அதே 850 கிராம் டின்கள் நான்கு. ஒன்று படுக்கையாக, விறகு வாய். மற்றவை நிமிர்ந்து, ஒன்றன்மேல் ஒன்று. கீழ் டின்னுக்கு அடி இருக்கட்டும். மேலே உள்ளவற்றுக்கு இரண்டு பக்கமும் எடுத்துவிடுங்கள். அடியில் 4 செ.மீ சாம்பல் பரப்பி அதன் மேல் குழாயை நிறுத்துங்கள். மேல் டின்னை எண்ணெய் டின்னின் விளிம்பு மட்டத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள்.

விறகு வாயில், அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் ஒரு தகரத் தட்டு செருகி, முன்னால் ஒரு சாண் நீட்டிவிடுங்கள். விறகு தட்டின் மேல், காற்று தட்டின் கீழ். இந்தத் தட்டை விட்டுவிட்டால் வாய் முழுக்க விறகு அடைத்துப் புகையும். நம்மவர்கள் முதலில் கழற்றி எறிவது இதைத்தான்.

பாத்திரத்துக்குக் கீழே விட வேண்டிய இடைவெளி குழாய் விட்டத்தில் நான்கில் ஒரு பங்கு. 10 செ.மீ குழாய்க்கு இரண்டரை செ.மீ. அதைவிடக் குறைந்தால் இழுப்பு நின்று தீ முன்வாய் வழியாக உங்கள் முகத்துக்கு வரும். கூடினால் சூடு பக்கத்தில் ஓடிவிடும். மூன்று போல்ட்டை முடுக்கி உயரம் சரிசெய்யலாம்.

அரிசிப் பானையை ஏற்றும்முன் ஒன்று: இந்த டின் வெயிட் தாங்கும், ஆட்டம் தாங்காது. சுற்றிலும் நான்கு செங்கல் அண்டை கொடுங்கள். இருபது பேருக்கு ஒரே அடுப்பு போதாது, இரண்டு செய்யுங்கள்.

கேள்வி: ஜி.ஐ. வாளி, அலுமினியப் பாத்திரம், குளிர்பான கேன் எதையாவது பயன்படுத்தலாமா? (வேலூர் வாசகர்)

ஜி.ஐ. வாளி வேண்டவே வேண்டாம். அதன் மேல் பூசிய துத்தநாகம் 419 டிகிரியில் உருகும். தீப்படும் இடத்தில் வரும் வெள்ளைப் புகையை இழுத்தால் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் மாதிரி உடம்பைப் போட்டு உலுக்கும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், தணல் அதை எளிதில் தொட்டுவிடும். குளிர்பான கேனும் அலுமினியம்தான், அதுவும் காகித கனம். ஓட்டையாகிப்போன எவர்சில்வர் தூக்கு கிடைத்தால் விடாதீர்கள். ஓட்டை போடக் கை வலிக்கும், வருஷக்கணக்கில் உழைக்கும்.

கேள்வி: எந்த விறகு நல்லது? (பொள்ளாச்சி வாசகி)

உங்கள் ஊரில் கொட்டாங்குச்சிதான். இரண்டு விரலகலத் துண்டுகளாக உடைத்துப் போட்டால் சூடும் அதிகம், தணலும் நெடுநேரம் நிற்கும். ஆனால் பற்றவைக்க மேலே காய்ந்த தென்னம்பாளைச் சிராய் வேண்டும். சீமைக்கருவேலச் சுள்ளி, சவுக்குக் கிளை இரண்டும் அருமை. பெருவிரலைவிடத் தடிப்பாக வேண்டாம், நீளம் 8 செ.மீ. அரளிக் குச்சியை மட்டும் தொடாதீர்கள், அதன் புகையும் விஷம். பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட் துண்டும் வேண்டாம்.

கேள்வி: மழையில் கூடாரத்துக்குள் வைத்துச் சமைக்கலாமா? காட்டில் பயன்படுத்தத் தடை உண்டா? (தேனி வாசகர்)

கூடாரத்துக்குள், வேனுக்குள், அறைக்குள் எங்கும் கூடாது. சுடர் அடங்கித் தணலாக இருக்கும்போதுதான் கார்பன் மோனாக்சைடு மிக அதிகம். வாசனை இல்லை, கண் எரியாது, தூக்கம் போலவே ஆளைச் சாய்க்கும். கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்று நம்பாதீர்கள்.

சரணாலயத்தில் தீ மூட்டுவதை 1972 வன உயிரின பாதுகாப்புச் சட்டத்தின் 30வது பிரிவு தடை செய்கிறது. காப்புக்காட்டிலும் குற்றம்தான், அடுப்பு சின்னதா பெரியதா என்று கேட்க மாட்டார்கள். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் உயிரிழந்ததை உங்கள் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. தனியார் தோட்டம், அனுமதி உள்ள முகாம் இடம், ஆற்றுமணல், பாறைத் தளம் இவற்றில் மட்டும், சுற்றிலும் ஒரு ஆள் நீளத்துக்குச் சருகைத் துடைத்துவிட்டுப் பற்றவையுங்கள். முடிந்ததும் தண்ணீர் ஊற்றிக் கிளறுங்கள். சாம்பலில் வெறும் கையை வைத்தால் சுடாமல் இருக்க வேண்டும்.

கேள்வி: டின் எத்தனை நாள் வரும்? (சேலம் வாசகர்)

எப்போதாவது முகாமுக்கு என்றால் உள் டின் ஒரு பருவம் தாங்கும். தினமும் எரித்தால் சில வாரத்திலேயே அடித்தட்டு சல்லடையாகிவிடும். பூச்சு உருகிப்போன தகரம் துருப்பிடிக்கக் காத்திருக்கும். ஒவ்வொரு முறையும் சாம்பலைத் தட்டிவிட்டு, இலேசாகச் சூடிருக்கும்போதே தேங்காய் எண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு இழுத்து வையுங்கள். வெளிக்கூட்டை எறிய வேண்டாம். உள் டின்னை மட்டும் உருவி எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைத் தட்டி இறக்கிக்கொள்ளலாம்.